மார்ஃபின் மாத்திரைக்கு நோயாளி அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

தண்டையார்பேட்டையில் புற்றுநோய் வலியோடு இருக்கும் தந்தைக்கு, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்றும், அரசிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. அனுமதி என்பது மருந்தை இருப்பு வைத்து வழங்கும் இடத்துக்கு உரியது. நோயாளிக்கோ ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கோ உரியதன்று.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, முன்பு பல மாநிலங்களில் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்க வெவ்வேறு துறைகளிடம் உரிமம் பெற வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய போதை மருந்துகள் என அறிவிக்கப்பட்டு, அவற்றை வைத்து வழங்க மருத்துவ நிறுவனங்களுக்கு ஏற்பு, அதாவது அங்கீகாரம், வழங்கும் பொறுப்பு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் வந்தது. நம் மாநிலத்தில் அதன் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ளது. வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருந்தால்தான் அந்த ஏற்பு கிடைக்கும். வந்த மருந்து எவ்வளவு, வழங்கியது எவ்வளவு என்ற கணக்கையும் நிறுவனம் காட்ட வேண்டும்.

என் தாயாரின் மார்ஃபின் சீட்டை எடுத்துக்கொண்டு தங்கசாலையிலிருந்து ராயபுரம் வரை நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். "அது இங்கே வராதும்மா" என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. ஏற்பு பெற்ற ஒரு நிறுவனத்தின் மருந்தகத்திலோ, சீட்டில் மொத்த மாத்திரை எண்ணிக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மருத்துவர் திருத்தி எழுதிய பிறகு, மருந்தாளுநர் பூட்டிய அலமாரியைத் திறந்து மாத்திரைகளை இரண்டு முறை எண்ணி, மீதி இருப்பைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கொடுத்தார். அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியென்றே பட்டது. எங்கே போக வேண்டும் என்று முதல் நாளே எவரும் சொல்லாததுதான் தவறு.

ஆகவே மருத்துவரிடம், "ஏற்பு பெற்ற நிறுவனம் எது?" என்று நேரடியாகக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சை (வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை) தரும் செவிலியரிடமும் விசாரிக்கலாம். சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, அளவு, மொத்த எண்ணிக்கை, தேதி, கையொப்பம் அனைத்தும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். மூன்று நாள் மருந்து கையில் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குச் செல்லுங்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்ததை நான் கணக்கில் எடுக்காததால், என் தாயார் ஓர் இரவு முழுவதும் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே விழித்திருந்தார்.