சாவிக்கொத்தைத் தேடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு சிவாஜிநகரில் இருக்கிறோம். தங்கை மூன்று ஆண்டுகளாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். போன மாதம் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் வீடியோ இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் படத்தோடு பதியும் சோதனை) எடுத்துப் பார்த்து, இது கால்கை வலிப்பு அல்ல, மனம் சம்பந்தப்பட்டது என்றார்கள். அப்படியானால் அவள் நடிக்கிறாளா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

சுரேஷ்

அன்புள்ள சுரேஷ்,

நடிக்கவில்லை. வேண்டுமென்று வரவழைப்பதும் இல்லை. இந்தக் கேள்வி இனி அவள் காதில் விழக் கூடாது. மாத்திரை விஷயம் டாக்டர் பாடு. சிலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும், நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இவ்வளவு எழுதிய நீங்கள், வலிப்பு வரும்போது அவள் எப்படி இருந்தாள் என்று ஒரு வரி எழுதவில்லையே! கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? கால்கை வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். மனம் சம்பந்தப்பட்டதில் பெரும்பாலும் கண் இறுக மூடியிருக்கும், தலை இப்படியும் அப்படியும் ஆடும், தணிந்து தணிந்து மறுபடி கூடும், வெகுநேரம் நீளும். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். சாதாரண இ.இ.ஜி.யும் போதாது, கால்கை வலிப்பு உள்ளவருக்கே அது சரியாக இருப்பதாகக் காட்டலாம். அதனால்தான் வீடியோ இ.இ.ஜி.யில் வலிப்பு வரும் நேரத்து உடலையும் மூளையின் மின்னலைகளையும் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். ஆனால் டாக்டர் முதலில் கேட்பது பக்கத்தில் இருந்தவரைத்தான்.

நாங்கள் அல்சூரில் இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை இப்படி விழுவார். சந்தே கூடிவிடும். ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார், ஒருவர் வாயில் கரண்டியைத் திணிப்பார், இரண்டு பேர் கையை அமுக்குவார்கள். அத்தையைப் பார்த்தவர் எவருமில்லை. மாமா குடித்துவிட்டு வரும் ராத்திரிகளில்தான் விழுகிறார் என்று கவனித்தது அவருடைய சின்ன மகள் மட்டும். பிள்ளை பேச்சு என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தைக்கு எந்த வகை என்று கடைசிவரை யாரும் பிரித்தறியவும் இல்லை.

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக்கூடப் படம் பிடிக்கிறோம். அவளிடம் முன்பே கேட்டுக்கொண்டு, அடுத்த முறை முகம் தெரியும்படி முதலிலிருந்தே எடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். நீண்டுபோகும் இந்த வகையை அடங்காத கால்கை வலிப்பென்று நினைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழாய் போட்டதெல்லாம் உண்டு. அப்படி ஆகாமலிருக்க, டாக்டரிடம் காட்டப் படமும் பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

இதற்கு மனநல நிபுணரோடு பேசிப் பெறும் உளவியல் சிகிச்சைதான் முக்கியம். நீங்களும் கூடப் போங்கள். போகும்போது, அவள் விழுவதற்கு முன் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள், நீங்கள் பேசியதையும் சேர்த்து.