இ.பி.கோ. போய்விட்டது, பழைய தண்டனைக்கு எதிரான அப்பீல் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: 2022-ல் நடந்த சாலை விபத்தில் ஒருவர் இறந்துபோனார். வண்டி ஓட்டிய அண்ணனுக்கு இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 304ஏ பிரிவில், அதாவது அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்காக, 2024 தொடக்கத்தில் தண்டனை ஆனது. உடனே போட்ட அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டில் கிடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வே இல்லையே, வழக்கு தானாக விழுந்துவிடாதா?

விழாது. இந்தக் கேள்வியை வக்கீலாக இருக்கும் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். சட்டத்தை எடுத்தவர்கள் அதற்கும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். இ.பி.கோ.வின்கீழ் ஏற்கெனவே நேர்ந்த பொறுப்பு, தண்டனை, நடக்கும் வழக்கு எதையும் இந்த நீக்கம் பாதிக்காது என்று அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 358-வது பிரிவு சொல்கிறது. ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த அப்பீல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே நடக்கும். அப்படிச் சொல்வது புதிய நடைமுறைச் சட்டத்தின் 531-வது பிரிவு.

சரி, தண்டனை? உங்கள் அண்ணன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இங்கேதான். 304ஏ-வில் அதிகபட்சம் 2 ஆண்டு. வெறும் அபராதத்தோடும் விடலாம். சன்ஹிதாவில் அதற்குப் பதில் வந்த 106(1)-ல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பயப்பட வேண்டாம், அது அவரைத் தொடாது. குற்றம் நடந்த அன்று இருந்த சட்டத்தைவிடக் கூடுதலாகத் தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(1) தடுக்கிறது. போதாததற்கு, தண்டனை பெற்றவர் மட்டும் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்டவும் முடியாது.

தலைகீழாகப் புதுச் சட்டம் இளக்கமாக இருந்தால் அந்தச் சலுகையைக் கேட்கலாம். உணவுக் கலப்பட வழக்கு ஒன்றில் மேற்கு வங்கம் ஆயுள் தண்டனை வரை வைத்திருந்தது. பின்னால் வந்த மத்தியத் திருத்தம் அதைக் குறைத்தபோது, குறைந்த தண்டனையின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்றது உச்ச நீதிமன்றம். 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதல்முறை சிக்கி, பொருளைத் திருப்பித் தந்தவருக்கு இப்போது சமூக சேவைதான் தண்டனை. பழைய இ.பி.கோ. 379 (திருட்டு) அப்பீல்களில் இதைக் காட்டி வாதிட இடமிருக்கிறது.

தண்டனை பழையதாக இருந்து, அப்பீலை ஜூலை 1-க்குப் பிறகு போட்டால்? அது புதிய நடைமுறைச் சட்டப்படி என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

ஆகவே ‘சட்டம் போய்விட்டது’ என்பதை அப்பீலில் ஒரு காரணமாக எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அலட்சியம் உண்மையில் நிரூபணமானதா என்று பாருங்கள். ‘வேகமாக வந்தார்’ என்று சாட்சி சொன்னால் மட்டும் அது அலட்சியம் ஆகிவிடாது என்று 1998-ல் ஒரு கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு நகலோடு பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றையும் வாங்கி உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.