நெரிசலில் மட்டும் ஹீட் ஏறும் டொயோட்டா 110 கொரோலா

ஓட்டத்தில் ஹீட் மீட்டர் ஊசி நடுவில் நிற்கிறது, கொழும்பு காலி வீதி (Galle Road) நெரிசலில் மட்டும் ஏறுகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஹெட் கேஸ்கட்டில் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) இப்போதே கை வைக்க வேண்டாம்; ஓட்டத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நெரிசலில் அது இல்லை, ஆகவே முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஃபேனின் டெம்பரேச்சர் சுவிட்ச் பிளக்கைக் கழற்றுங்கள். இந்த மொடலில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும், விரல் கவனம். சுற்றினால் பெரும்பாலும் சுவிட்ச்தான் பழுது. சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே பார்த்துவிட்டு, மோட்டருக்கு பற்றரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். சோம்பலாகச் சுற்றினால் மோட்டருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய மோட்டர் தேடலாம், அங்கேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஃபேன் நன்றாயிருந்தால், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்த தூசியை எஞ்சின் பக்கமிருந்து வேகம் குறைத்த தண்ணீரால் கழுவுங்கள்.

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைத் தடுக்கும் வால்வு) கழற்றி எறியச் சொல்லும் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இருக்கிறார்கள். கேட்காதீர்கள்: எஞ்சின் சூடேறாமல் பெற்றோல்தான் கூடப் போகும்.