முன்கை வலி: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து மக்கள் கேட்டவையும் பதில்களும்

கேள்வி எழுதிய பலரும் ‘இங்கே வலிக்குது’ என்று இடத்தை மட்டும் சொல்கிறீர்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருபது தசைகள் இருக்கின்றன. விரலை மடக்குவதும் நீட்டுவதும் பெரும்பாலும் அவைதான். விரலுக்குச் செய்கிற வேலையின் வலி முழங்கையில் வந்து நிற்கும். ஆகவே எதைச் செய்தால் வலிக்கிறது என்பதையும் எழுதுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை அறுக்கும் தம்பி: முழங்கைக்கு வெளிப்பக்கம் நாலு மாசமா வலி. கம்பைப் பிடிச்சு இழுத்தா உயிர் போகுது, டீ கிளாஸ் தூக்கினாலும் வலி. ஊசி போட்டா ஒரே வாரத்துல சரியாகும்னு சொல்றாங்க. போடலாமா?

போடவேண்டாம் தம்பி. இது ‘டென்னிஸ் எல்போ’. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்ளே மடங்காமல் பின்னால் பிடித்து வைக்கிற தசை ஒன்று உண்டு. அதன் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறு) முழங்கையின் வெளிமுட்டில் ஒட்டியிருக்கும் இடம்தான் நைந்திருக்கிறது. மாதக்கணக்கில் நீடித்த வலியில் அழற்சி பெரிதாக இருப்பதில்லை; நார்களின் வரிசை குலைந்திருக்கும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி அதைச் சீராக்காது.

ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 2013இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 165 பேரிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். ஓராண்டு கழித்து, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 96 விழுக்காட்டினர் குணமாகியோ நன்கு தேறியோ இருந்தார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களில் 83 விழுக்காட்டினர். வலி திரும்பியது ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு, மற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்குத்தான்.

செய்யவேண்டியது இது. முன்கையை மேசைமேல் வையுங்கள், உள்ளங்கை கீழே பார்க்கட்டும், மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் போத்தலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியோடு மேலே தூக்கி, வலிக்கிற கையால் மட்டும் நாலு எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 15 தடவை ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. ஆறு முதல் பன்னிரண்டு வாரம். பத்துக்கு நாலு அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் கூடியிருந்தால் போத்தலில் தண்ணீரைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். கம்பு நுனியில் உள்ள அரிவாளைத் தினமும் தீட்டுங்கள்; மழுங்கிய அரிவாளுக்குக் கூடுதல் இழுப்பு வேண்டும். வழுக்கும் கம்பில் பிடிக்கும் இடத்தில் டியூப் ரப்பர் சுற்றினால் இறுக்கிப் பிடிக்கிற பாரம் குறையும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கட்டும், முழங்கை மடங்கி உடம்போடு ஒட்டியிருக்கட்டும்.

ரப்பர் பால் வெட்டும் அக்கா: மணிக்கட்டுக்கு மேலே மூணு விரல் தள்ளி வீக்கம். கையை ஆட்டினா ‘கரகர’ன்னு கேக்குது.

அந்த ஓசையே நோயைச் சொல்லிவிடுகிறது அக்கா. கட்டைவிரலை இழுக்கும் இரண்டு தசைகள், மணிக்கட்டைப் பின்னால் வளைக்கும் இரண்டு தசைநாண்களை அந்த இடத்தில்தான் குறுக்கே கடக்கின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அங்கே உராய்ந்து வீங்கும். வலி கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் இருந்தால் அது வேறு நோய். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைப் போட்டு இரண்டு, மூன்று வாரம் அந்த அசைவை விட்டிருங்கள். கத்தி கூர்மையாக இருக்கட்டும்.

பள்ளிப் பிள்ளையின் தாய்: கை முறிஞ்சா எலும்பு கட்டுறவர்கிட்டதான் போவோம். கட்டு இறுக்கமா இருந்தாதான் எலும்பு கூடும்னு சொல்றாங்க. சரிதானா?

இல்லை அம்மா. இதில்தான் ஒரு பிள்ளையின் கையே போய்விடும். முன்கைத் தசைகள் நீளாத உறைபோட்ட அறைகளுக்குள் இருக்கின்றன. முறிவுக்குப் பின் உள்ளே ரத்தமும் வீக்கமும் சேரும். வெளியே மூங்கில் பத்தையும் துணியும் இறுக்கினால், உள்ளழுத்தத்தில் தசைக்கு ரத்தம் ஏறாது. ஆறு மணி நேரம் போனால் தசை சாகத் தொடங்கிவிடும். பிறகு விரல்கள் பறவையின் நகம்போல வளைந்து அப்படியே நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோக்மன் 1881லேயே இறுக்கமான கட்டுகளை இதற்குக் காரணமாக எழுதினார்.

அடையாளம்: முறிவுக்குப் பொருந்தாத அளவு வலி, மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் பிள்ளையின் விரலை மெல்ல நீட்டினாலே துடிப்பான். மரத்துப்போவதும் விரல் அசையாமல் போவதும் பின்னால் வருபவை. நாடி துடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள், நாடி கடைசிவரை இருக்கலாம். இறுக்கிய கட்டையும் உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல் தெரிய முழுக்க வெட்டுங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். உயரத் தூக்கினால் ரத்தம் இன்னும் குறையும். சாப்பிடக் கொடுக்காதீர்கள், அறுவை தேவைப்படலாம். நேரே அவசரப் பிரிவுக்கு, விடியும்வரை காத்திருக்காமல்.

இன்னொன்று: எக்ஸ்ரேயில் முழங்கையும் மணிக்கட்டும் இரண்டுமே தெரியவேண்டும். முன்கையில் ஒரு எலும்பு முறிந்தால் மற்றது மூட்டிலிருந்து விலகியிருக்கலாம். 1814இல் இத்தாலிய மருத்துவர் மொன்டெஜ்ஜா சொன்னது இதுதான். தடவிப் பார்க்கும் விரலுக்கு இது சுலபமாகத் தப்பிவிடும்.

லாரியில் குலை ஏற்றுபவர்: முன்கையில செம்பனை முள் ஏறி ரெண்டு மாசம். மாத்திரை முடிஞ்சா திரும்ப வீங்குது. எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லையாம்.

முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது அண்ணே. அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். முள் துண்டு உள்ளே இருக்கும்வரை ஆன்டிபயாட்டிக் நின்றதும் வீக்கம் திரும்பும், எடுத்தாகவேண்டும். கடைசி டெட்டனஸ் ஊசி ஐந்தாண்டுக்கு மேலாகிவிட்டதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற ஐயா: ராத்திரி சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது.

முழங்கை உட்புறம் நரம்பு அழுந்துகிறது ஐயா. துவாலையை முழங்கையில் தளர்வாகச் சுற்றி, மடங்காமல் தூங்குங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்திருந்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

பாட்டிக்காக ஒரு பேத்தி: மணிக்கட்டு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு விலகவேயில்லை. இப்ப திடீர்னு கட்டைவிரல் தொங்குது.

பாட்டியின் உள்ளங்கையை மேசையில் பதித்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அதை நீட்டும் தசைநாண் அறுந்திருக்கிறது. விலகாத முறிவுக்குப் பிறகும் சில வாரம் கழித்து இப்படி நேரும், கட்டியவர் தவறென்று நினைக்கவேண்டாம். தானாக ஒட்டாது. ஆள்காட்டி விரலுக்கு நீட்டும் தசைநாண் இரண்டு உண்டு; ஒன்றைக் கட்டைவிரலுக்கு மாற்றித் தைப்பார்கள், ஆள்காட்டி விரல் பெரிதாகக் கெடாது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கு, அருகிலுள்ள அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, இந்த வாரமே அழைத்துப் போங்கள்.