காய்ந்த விறகு: எடைக்கு விற்பதா, பைக்கு விற்பதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மரக்காணம் பகுதியில் எங்கள் சொந்த நிலத்தில் சவுக்கு பயிரிட்டுள்ளோம். கழிகளுக்கும் காகித ஆலைக்கும் போக எஞ்சும் பருத்த அடித்துண்டுகளை, வெட்டிய ஈரத்தோடு, விறகுக் கடைக்காரர் டன் கணக்கில் எடுத்துச் செல்வது வழக்கம். புதுச்சேரியில் விறகு அடுப்பில் பீட்சா சுடும் உணவகங்களும் திருமணச் சமையல் ஒப்பந்தக்காரர்களும் நன்கு காய்ந்த, பிளந்த விறகைக் கேட்கிறார்கள். உலர்த்தி ஜம்போ பைகளில் நேரடியாக விற்கலாம் என்று எண்ணுகிறோம். ஆனால் காயக் காய எடை குறைவதால் நட்டம் வந்துவிடும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். உண்மையா?

பதில்: பழைய டன் விலையிலேயே விற்றால் நட்டம் உறுதி, விலையை மாற்றி நிர்ணயித்தால் இல்லை. கணக்கைப் பாருங்கள். வெட்டிய அன்று விறகில் 45 சதவீதம் நீர் என்று வைத்துக்கொண்டால், 1,000 கிலோவில் மரம் 550 கிலோதான், மீதி நீர். அதே விறகு 20 சதவீத ஈரத்துக்குக் காயும்போது எடைமேடையில் ஏறத்தாழ 687 கிலோ காட்டும். மரத்தில் ஒரு கிலோகூடக் குறையவில்லை; போனதெல்லாம் நீர். எனவே பச்சை விறகு டன் 4,000 ரூபாய் என்றால், காய்ந்த விறகுக்கு டன்னுக்கு 5,800 ரூபாய்க்கு மேல் வந்தால்தான் நீங்கள் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். பிளக்கும் கூலி, அடுக்கும் கூலி, பையின் விலை, காயும் வரை முடங்கும் பணம் ஆகியவற்றை அதற்கு மேல் சேர்க்க வேண்டும்.

வாங்குபவர் அந்த விலையை ஏன் தர வேண்டும் என்பதற்கும் கணக்கே பதில் சொல்லும். 45 சதவீத ஈரமுள்ள விறகு ஒரு கிலோவுக்குச் சுமார் 2,150 கிலோகலோரி பயன்படு வெப்பம் தரும். 20 சதவீத ஈரத்தில் அது 3,400 கிலோகலோரியைத் தொடும். ஆகவே 687 கிலோ காய்ந்த விறகு, அது 1,000 கிலோ பச்சை விறகாக இருந்தபோது தந்திருக்கக்கூடியதைவிடச் சற்றே கூடுதலான வெப்பத்தைத் தருகிறது, ஏனெனில் நீரை ஆவியாக்குவதில் அடுப்பு செலவிடும் வெப்பம் மிச்சமாகிறது. சவுக்கு பச்சையாகவே எரியும் என்பது உண்மைதான். அந்தப் பெயரே அதற்கு ஒரு விதத்தில் கேடாகவும் முடிந்தது, உலர்த்தாமலே விற்கும் வழக்கம் அதனால்தான் நிலைத்துவிட்டது என்பது என் கருத்து. பீட்சா அடுப்பில் உணவும் நெருப்பும் ஒரே அறைக்குள் இருப்பதால் பச்சை விறகின் புகையும் கரியும் உணவின்மீதே படியும். அந்த உணவகங்கள் உங்களைத் தேடி வருவது இதற்காகவே.

உலர்த்துவதற்குக் காலமும் உங்கள் பக்கம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியில் வெட்டி, உடனே துண்டாக்கிப் பிளந்துவிட்டால், மார்ச் முதல் ஜூன் வரையிலான வெயிலும் கடற்காற்றும் வேலையை முடித்துவிடும். நீர் பட்டை வழியாக வெளியேறுவதைவிட வெட்டுமுகத்தின் வழியாகப் பல மடங்கு விரைவாக வெளியேறும். அதனால் துண்டு ஒரு முழத்துக்கு மிகாமல் இருப்பதும், பருத்த துண்டுகளை இரண்டாகவோ நான்காகவோ பிளப்பதும், எத்தனை நாள் வெயிலில் கிடக்கிறது என்பதைவிட முக்கியமானவை. பிளக்காத உருண்டைக் கட்டை ஒரு கோடை முழுவதும் கிடந்தாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். கற்களின்மீது கட்டைகளைப் பரப்பி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அட்டி போடுங்கள். தரையில் போட்டால் ஈரமும் கறையானும் ஏறும். வெட்டுமுகங்கள் காற்று வரும் திசையை நோக்கட்டும். மழை வந்தால் மேற்புறத்தை மட்டும் தார்ப்பாயால் மூடுங்கள். பக்கங்களையும் மூடினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இனி எடையா, பையா என்பது. உணவகங்களுக்குப் பைக் கணக்கே நல்லது என்பேன், ஏனெனில் மேலும் காய்ந்தால் உங்களுக்கு இழப்பில்லை, ஈரமாக விற்றால் உங்களுக்கு ஆதாயமும் இல்லை. காய வைப்பதற்கு விற்பவருக்குத் தூண்டுதல் தரும் முறை அதுதான். ஆனால் மூன்றடி நீள, அகல, உயரம் உள்ள ஒரே பையில் எறிந்து நிரப்புவதற்கும் அடுக்கி நிரப்புவதற்கும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றரை என்ற அளவில் வேறுபாடு வரும். எப்படி நிரப்பப்பட்டது என்பதை விலைச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள். சமையல் ஒப்பந்தக்காரர்கள் எடையில்தான் கணக்கிட்டுப் பழகியவர்கள். அவர்களுக்குப் பையை எடை போட்டு, அன்றைய ஈர அளவையும் சேர்த்துச் சொல்லி, மேற்சொன்ன உயர்ந்த விலையில் விற்கலாம்.

கேள்வி: ஓர் உணவகம் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டேன் என்கிறது. என் ஈரமானி 24 காட்டியதால் ஒரு வண்டி விறகைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: இருவரும் வெவ்வேறு எண்ணைப் பேசியிருக்க வாய்ப்புண்டு. ஊசி வைத்த ஈரமானிகளில் பெரும்பாலானவை, நீரின் எடையை முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சதவீதம் காட்டும். எரிபொருள் வணிகத்தில் நீரை மொத்த எடையோடு ஒப்பிடுவதே வழக்கம். அவ்வாறு பார்த்தால், கருவியில் 24 என்பது 100 பங்கு மரத்துக்கு 24 பங்கு நீர்; 124இல் 24, அதாவது 19 சதவீதத்துக்குச் சற்று மேல். உங்கள் விறகு தேறிவிடுகிறது. அடுத்த முறை எந்தக் கணக்கு என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

அளக்கும் முறையும் முக்கியம். வெளிப்பக்கத்தில் ஊசியைக் குத்தினால் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். அட்டியின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவி, அங்கேயே பிளந்து, புதிதாக வெளிப்பட்ட முகத்தின் மையத்தில் அளக்க வேண்டும். 30க்கு மேல் கருவி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

கேள்வி: பச்சை விறகையே ஜம்போ பையில் நிரப்பி, பைக்குள்ளேயே காயவிட்டால் அட்டி போடும் கூலி மிச்சமாகுமே?

பதில்: அரிசிக்கும் உரத்துக்கும் பயன்படும் நெய்த பாலிப்ரொப்பிலீன் பையில் கூடாது, நடுவில் இருக்கும் விறகுக்குக் காற்றே கிடைக்காது. வெங்காயத்துக்குப் பயன்படும் வலைப்பக்கப் பைகளில் முடியும் என்றாலும், அட்டியைவிட மெதுவாகவே காயும். மற்றொன்று: வெயில் தாங்கும் பக்குவம் செய்யப்படாத பை, கோடை முழுவதும் வெட்டவெளியில் நின்றால் நொந்துபோய், தூக்கும்போது காது அறுந்துவிடக்கூடும். தொங்கும் பையின்கீழ் யாரையும் நிற்க விடாதீர்கள்.

கேள்வி: காய்ந்த கட்டைகளில் சிறு துளைகளும் மாவுபோன்ற தூளும் தெரிகின்றன. விற்கலாமா?

பதில்: துளைக்கும் வண்டுகளின் வேலை அது. விறகுக்குப் பெரிய கெடுதல் இல்லை. மரச்சாமான் உள்ள இடத்தில் சேமிக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். சமையலுக்குப் போகும் விறகு என்பதால் பூச்சிமருந்து மட்டும் தெளிக்காதீர்கள். அதே காரணத்துக்காக, வேலியில் வெட்டிய அரளியோ சாயம் பூசிய பழைய பலகையோ பைக்குள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு 10 கிலோ பைகளாகவும் கட்டித் தரலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் முன்கூட்டியே கட்டி, கடையில் வைத்து விற்கும் சிறு பைகளுக்கு, 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, கட்டியவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவற்றை அச்சிட வேண்டும். நிகர எடை என்பதால், கட்டும் நாளில் விறகு முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விடுதியின் அறையில் கிடந்து காய்ந்த பின் 10 கிலோ 9 கிலோவாக நிற்கும், கேள்வி உங்களிடம் வரும்.