டீ குடித்துவிட்டு வந்தால் கால்குலேட்டர் உறைந்து கிடக்கிறது: இன்டரப்டா, ஹூக்கா?

கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவரின் கேள்வி: "டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரில், முகப்புத் திரையில் ஒரு பட்டனை அழுத்தினால் என் சூத்திரப் பட்டியல் வரும்படி அசெம்பிளியில் (செயலியின் கட்டளைகளையே நேராக எழுதும் மொழி) எழுதினேன். இன்டரப்ட் முறை 2. பதினாறடிமான முகவரி 8700இல் அட்டவணை, 8888இல் நிரல். நன்றாக ஓடுகிறது. டீ குடித்துவிட்டு வந்து ஆன் செய்தால் மட்டும் உறைந்துவிடுகிறது. ஹூக்குக்கு மாறலாமா அண்ணா?"

மாறிவிடுங்கள் தம்பி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: இன்டரப்ட் என்பது செயலியின் வேலையை இடைமறித்து வேறு நிரலை ஓட்டும் ஏற்பாடு. முறை 2இல் அந்த நிரலின் முகவரியைச் செயலி நம் அட்டவணையிலிருந்து எடுக்கும். ஹூக் என்பது ஓஎஸ், அதாவது கால்குலேட்டரின் இயக்க மென்பொருள், தன் வேலையின் குறிப்பிட்ட கட்டத்தில் நம் நிரலைக் கூப்பிடும் ஏற்பாடு. நீங்கள் பிடித்திருக்கும் இடம், ஓஎஸ் திரையைச் சேமித்து வைக்கும் 768 பைட் பகுதி. சில நிமிடம் யாரும் தொடாவிட்டால் கால்குலேட்டர் தானே அணையும். அணையும் முன் திரையில் இருப்பதை அங்கே எழுதிவிடும். உங்கள் அட்டவணையும் நிரலும் அதோடு போச்சு. அடுத்த இன்டரப்ட் வந்ததும் இசட்80 செயலி அந்தப் படப் புள்ளிகளைக் கட்டளை என்று நினைத்து ஓட்டப் பார்க்கும்.

இடத்தை மாற்றினாலும் தொல்லை தீராது. இன்டரப்ட் என்பது தேயிலை ஃபேக்டரி சங்கு மாதிரி. யார் என்ன வேலையில் இருந்தாலும் நேரமானால் ஊதும். கால்குலேட்டரில் வினாடிக்கு நூறு தடவை அளவுக்கு ஊதுகிறது. ஓஎஸ் பாதிக் கணக்கில் இருக்கும்போது நீங்கள் உள்ளே புகுந்து, அதே ஓஎஸ் ரொட்டீனை (உள்நிரலை) கூப்பிட்டுப் பட்டியல் வரைந்தால் அதன் கணக்கு குழம்பிப்போகும். ஹூக் அப்படி இல்லை. கூடையோடு ஆள் வந்த பிறகுதான் கணக்குப்பிள்ளை இலையை நிறுப்பார். அதுபோல, ஓஎஸ் பட்டனுக்காகக் காத்திருந்து, ஒன்று கிடைத்ததும், அதைத் தான் எடுத்துக்கொள்ளும் முன் உங்களைக் கூப்பிடுகிறது. உங்களுக்கு வேண்டியதும் இதுதானே?

பட்டனுக்கென்றே இருக்கும் ரா கீ ஹூக்கைப் பயன்படுத்துங்கள். ஹூக்கின் முதல் பைட் பதினாறடிமானத்தில் 83 ஆக இருக்க வேண்டும். ஓஎஸ் அதைச் சரிபார்த்த பிறகே அழைக்கும். அப்புறம், உங்கள் நிரல் முடிந்த பின்னும் ஹூக் உயிரோடு இருக்கும். அதனால் அதன் கட்டளைகள் இடம் மாறாத இடத்தில் இருக்க வேண்டும். ஃபிளாஷ் நினைவகத்தில் நிலையாக இருக்கும் அப்ளிகேஷனாகச் செய்வதுதான் என் விருப்பம். நிரல் இருக்கும் ராம் முகவரியையே கொடுத்துவிட்டால், இன்னொரு நிரலை அழித்ததும் எல்லாம் நகர்ந்து, ஹூக் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இன்டரப்ட் எப்போது சரி? உங்கள் நிரலே முழுக்க ஓடும்போது, விளையாட்டில் கடிகாரம் ஓட்ட, கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல்நிறம் காட்ட. அங்கே ஓஎஸ்ஸிடம் பட்டன் கேட்காதவரை ஹூக் எழவே எழாது. அப்போதும் அட்டவணையை எண்ணிப் பாருங்கள். 256 பைட் போதாது, 257 வேண்டும். அட்டவணையில் எங்கே படிப்பது என்று செயலி எடுக்கும் முகவரியின் கீழ்ப்பாதி எதுவாகவும் வரலாம். அது 255 ஆக வந்தால் செயலி கடைசி பைட்டையும் அதற்கடுத்து 8800இல் இருப்பதையும் சேர்த்துப் படிக்கும். எந்த இரண்டு பைட்டைப் படித்தாலும் 8888 என்றே வரும்படி எல்லாவற்றையும் 88ஆல் நிரப்புவதும் இதனால்தான். வெளியேறும்போது மறக்காமல் ஓஎஸ் பயன்படுத்தும் முறை 1க்குத் திரும்புங்கள்.

சோதிக்கும் முன் எல்லாவற்றையும் ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், அதாவது ராம் காலியானாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றிவிடுங்கள். குன்னூரில் ஒரு மழை இரவு முழுக்கத் தட்டிய நிரலை, ராம் காலியாகி நான் இழந்திருக்கிறேன்.