எஞ்சின் மேலே டிக் டிக் சத்தம்: எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது?

கேள்வி: இருபது வருடம் ஓடிய பெட்ரோல் கார். எஞ்சின் மேல்பக்கம் விடாமல் டிக் டிக் என்கிறது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "கேம் ஷாஃப்ட், ராக்கர் எல்லாம் போச்சு, செட்டாக மாற்றிவிடலாம்" என்கிறார். சரி சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். கேம் ஷாஃப்ட் என்பது சுழலும் தண்டு; அதன் மேடுகள் (லோப்) தள்ள, ராக்கர் என்ற சிறு நெம்புகோல் வால்வை அழுத்தித் திறக்கும். வால்வு கவரைக்கூடக் கழற்றாமல் கேம் ஷாஃப்ட் போய்விட்டது என்கிறார் என்றால் அது ஊகம். அந்த ஊகத்துக்குப் பணம் கட்டப்போவது நீங்கள். இந்த "செட்டாக மாற்றிவிடலாம்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அளக்காமல் பாகம் மாற்றுவது பழுதுபார்ப்பதே இல்லை.

முதலில் காசு செலவில்லாத வேலை. டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் (புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து அடைப்புத் தகடு) கசிந்தாலும் இதே டிக் டிக் வரும். அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பலமாகக் கேட்டு, சூடேறியதும் பெரும்பாலும் அடங்கும். உங்கள் எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் பாகம்) இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி மட்டும் சத்தம் வந்தால், ராத்திரி நின்றதில் லிஃப்டரிலிருந்து ஆயில் வடிந்திருக்கிறது. அதற்காக எதையும் பிரிக்க வேண்டாம்.

அப்புறமும் சத்தம் இருந்தால் கவரைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். ராக்கர் முனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்காக வால்வுத் தண்டைத் தட்டித் தட்டி அங்கே சின்னக் குழி விழுந்திருந்தால், நகம் அதன் விளிம்பில் இடறும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு அந்தக் குழிக்குள் இறங்காது, மேலேயே பாலம் போட்டதுபோல் கிடக்கும். கேஜில் 0.20 மி.மீ. என்று வைத்தாலும் உள்ளே இருக்கிற இடைவெளி அதைவிட அதிகம். எத்தனை தடவை டேப்பெட் அட்ஜஸ்ட் (இந்த இடைவெளியைச் சரிசெய்யும் வேலை) செய்தாலும் சில கார்களில் சத்தம் போகாததற்கு இது ஒரு காரணம். அங்கே மாற்ற வேண்டியது அந்த ராக்கரைத்தான். கேம் ஷாஃப்ட் தேய்ந்ததா என்பதை மைக்ரோமீட்டர் சொல்லும். ஒவ்வொரு லோபின் உயரத்தையும் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்குப் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை ஒரு கொத்தாக வரும், பிறகு நின்றுவிடும். பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்றார்கள். பெரிய தொகை கொடுத்து மாற்றினேன். புகை அப்படியே இருக்கிறது.

பதில்: மனது கஷ்டமாக இருக்கிறது. நம்பித்தான் வண்டியை விட்டீர்கள், தவறு உங்களுடையது இல்லை. ராத்திரி நின்ற வண்டி காலையில் மட்டும் புகைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வு சீலை, அதாவது வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையத்தை. நின்ற நேரத்தில் ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டு சொட்டாக இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் எரிகிறது. பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் தேய்ந்தால் ஓட்டும்போதும், முக்கியமாக ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் புகையும். பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்த்தீர்களா, எத்தனை வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க அதுவே ஆதாரம்.

இனி சீல் மாற்றும்போது, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடையும் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த கைடில் வால்வு பக்கவாட்டில் ஆடும், அதில் போட்ட புது சீல் சீக்கிரம் கிழியும். பல எஞ்சின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வை நிறுத்தி, சிலிண்டர் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியை) இறக்காமலே சீல் மாற்றலாம்.

கேள்வி: என் புஷ் ராடு எஞ்சினுக்கு (கேம் ஷாஃப்ட் கீழே இருந்து லிஃப்டர், கம்பி வழியாக ராக்கரைத் தள்ளும் வகை) ஆன்லைனில் தள்ளுபடியில் லிஃப்டர் செட் வாங்கிவிட்டேன். பழைய கேம் ஷாஃப்டிலேயே போடலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. அடிப்பக்கம் தட்டையான லிஃப்டர் என்றால் கூடாது. அது தன் லோபோடு சேர்ந்து தேய்ந்து பழகிய பாகம். பழையதைக் கழற்றினால்கூட எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதிலேயே திரும்பப் போட வேண்டும். பழைய லோபில் புதியதை வைத்தால் இரண்டும் கெடலாம். பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். தள்ளுபடியைப் பார்த்த கண் பாகத்தின் எண்ணையும் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: டேப்பெட் அட்ஜஸ்ட் செய்த பிறகு எஞ்சின் சத்தமே இல்லை. ஆனால் ஐடிலில் நடுங்குகிறது, இழுவையும் குறைவு.

பதில்: அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள். சூட்டில் வால்வுத் தண்டு நீளும். இடைவெளி போதாவிட்டால் வால்வு தன் சீட்டில் (மூடும்போது அது பொருந்தும் வளையத்தில்) முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டுக்குத்தான் கொடுக்கிறது. உட்கார முடியாதபோது விளிம்பு கருகிவிடும். இன்றே மேனுவலில் உள்ள அளவுக்குத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் நடுங்கினால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். லேசான டிக் டிக் இருந்தால் பரவாயில்லை.

கேள்வி: ரீகண்டிஷன் செய்த சிலிண்டர் ஹெட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். வெள்ளிப் பெயின்ட் அடித்துப் புத்தம் புதிதாக வைத்திருந்தார்கள், நானும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தேன். ஒரே மாதத்தில் புகை. கழற்றிப் பார்த்தால் சீல்கள் காய்ந்து பிளாஸ்டிக் போல உடைந்தன, வால்வு விளிம்பில் பழைய கார்பன் அப்படியே ஒட்டியிருந்தது. பெயின்டைத் தவிர அந்த ஹெட்டில் எந்த வேலையும் நடக்கவில்லை. மாட்டிய பொருள் என்று சொல்லித் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் ஸ்பார்க் ப்ளக்குகளைப் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரி அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் போர்ட்டுகளுக்குள் (வால்வுக்குப் பின்னால் காற்றும் புகையும் போகும் வழிகளுக்குள்) டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை. விரிசலுக்கு அழுத்தச் சோதனை செய்தார்களா, எந்தெந்தப் பாகம் புதிது என்பதெல்லாம் பில்லில் இருக்க வேண்டும்.

கேள்வி: வால்வுச் சத்தம் போக ஆயிலில் ஊற்றும் திரவம் பலன் தருமா?

பதில்: அழுக்கில் சிக்கிய ஹைட்ராலிக் லிஃப்டர் சில சமயம் விடுபடலாம். தேய்ந்த இரும்புக்கு எதுவும் செய்யாது. அந்தப் பணத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கினேன். டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று விற்றவர் சொன்னார். பில் இல்லை. நம்பலாமா?

பதில்: கூடாது. கேம் ஷாஃப்டைச் சுழற்றும் இந்தப் பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். இந்த வாரமே மாற்றுங்கள்.